பேராக்கின் மர்மக் கதைகளில் நம் பெண்கள் எங்கே?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரை. வாசகர்களுக்காகச் சற்றே சுருக்கித் தரப்படுகிறது.)



எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு 'வரலாறும் மாய நாவலும்'. இதைக் கேட்டதும் நண்பர் ஒருவர், "ஐயா, வரலாறு பேச வேண்டிய இடத்தில் மாயமந்திரத்துக்கு என்ன வேலை?" என்றார். நியாயமான கேள்விதான். ஆனால் இந்தத் தலைப்பை எனக்குள் முதலில் விதைத்தவள் என் மகள்.

சில மாதங்களுக்கு முன் அவள் ஓர் ஆங்கில நாவலைக் கையிலிருந்து கீழே வைக்காமல் படித்துக் கொண்டிருந்தாள். என்ன கதை என்று கேட்டேன். நூறாண்டுக்கு முந்திய லண்டன் நகரம். நீராவியில் பறக்கும் கப்பல்கள். பித்தளைச் சக்கரங்களால் ஆன இயந்திர மனிதன். ஒரு மந்திரவாதி. ஒரு கொலை. அந்தக் கொலையைத் துப்பறிந்து கண்டுபிடிப்பவள் ஓர் இளம்பெண். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு அவள் கேட்டாள்: "அப்பா, நம்ம பேராக்குல இந்த மாதிரி எதுவுமே நடக்கலையா?"

நீராவி, மாயம், மர்மம், வீரப்பெண் ஆகிய நான்கும் நம் மண்ணில் இருந்தனவா? அவளுக்கு நான் சொன்ன பதிலைத்தான் இன்று உங்கள் முன் சொல்லப் போகிறேன்.

நீராவி இங்கேயும் ஓடியது

இந்த வகை நாவல்களுக்கு 'ஸ்டீம்பங்க்' என்று பெயர். 1987ஆம் ஆண்டு கே. டபிள்யூ. ஜீட்டர் என்ற அமெரிக்க எழுத்தாளர், தானும் தன் நண்பர்களும் எழுதிய கதைகளுக்கு விளையாட்டாகச் சூட்டிய பெயர் அது. விக்டோரியா மகாராணி காலத்து நீராவி இயந்திரங்களை வைத்துக் கற்பனையை ஓடவிடுவது இதன் வழக்கம். கதை பெரும்பாலும் லண்டனில்தான் நடக்கும்.

ஆனால் அந்த லண்டன் எதனால் ஆனது என்று சற்றே சிந்தித்துப் பாருங்கள். ஐரோப்பிய வீடுகளில் உணவை அடைத்து வைத்த தகர டப்பாக்களுக்கு மேற்பூச்சு எது? வெள்ளீயம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் உலகத்தின் வெள்ளீயத்தில் ஏறத்தாழ பாதி மலாயாவிலிருந்து போனது. அதில் பெரும்பங்கு நம் கிந்தா பள்ளத்தாக்கின் மண். அதன்பின் வந்த மோட்டார் வண்டிகளின் சக்கரம் எது? ரப்பர். 1877ஆம் ஆண்டு கோலகங்சாரில் நடப்பட்ட ஒன்பது கன்றுகளில் இருந்து இந்த நாட்டின் ரப்பர் வரலாறு தொடங்குகிறது. லண்டனின் இயந்திரங்களை ஓட்டிய பொருளைத் தோண்டிக் கொடுத்ததும், வெட்டி வடித்துக் கொடுத்ததும் இந்த மாநிலம்தான்.

இயந்திரங்களும் இங்கே வந்தன. மலாயாவின் முதல் ரயில் எங்கே ஓடியது? கோலாலம்பூரில் அல்ல. 1885ஆம் ஆண்டு ஜூன் 1ஆம் தேதி தைப்பிங்கிற்கும் போர்ட் வெல்ட் துறைமுகத்திற்கும் இடையே ஓடியது. இன்று கோல செப்பெத்தாங் என்று சொல்கிறோமே, அந்த ஊர்தான் போர்ட் வெல்ட். ஏறத்தாழ 13 கிலோமீட்டர் தூரம். அந்தத் தண்டவாளத்தைப் போட இலங்கையிலிருந்து பயனியர் படையினர் வரவழைக்கப்பட்டார்கள். பிறகு பாதை நீள நீள, ஸ்டேஷன் மாஸ்டராகவும் கிராணியாகவும் யாழ்ப்பாணத்துத் தமிழர்களும், பாதை வேலைக்குத் தென்னிந்தியத் தமிழர்களும் வந்தார்கள். ஈப்போவின் அழகிய ரயில் நிலையம் 1917இல் எழுந்தது.

பத்து காஜா பக்கம் 1913 வாக்கில் ஈயம் தோண்டும் மிதவைக் கப்பல் வந்தது. குளத்தில் மிதந்துகொண்டே சங்கிலியில் கோத்த வாளிகளால் மண்ணை அள்ளும் இரும்பு ராட்சசன் அது. 1938இல் கட்டப்பட்ட அப்படி ஒரு கப்பல் தஞ்சோங் துவாலாங்கில் இன்னும் நிற்கிறது. எடை 4,500 டன். 1982இல் அது வேலையை நிறுத்தியது. என் மகளை அங்கே அழைத்துப் போனேன். கழுத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, "அப்பா, இதைக் கதையில எழுதினா பொய்னு சொல்லுவாங்க" என்றாள்.

மாயம் எங்கே இருந்தது?

கிந்தாவின் பழைய சுரங்கங்களில் பாவாங் என்ற மலாய் மந்திரவாதிக்குப் பெரிய மரியாதை இருந்தது. ஈயத்துக்கும் ஓர் ஆவி உண்டு, அது கோபித்துக்கொண்டால் மண்ணுக்குள் ஓடிப் போய்விடும் என்று நம்பினார்கள். சுரங்கத்துக்குள் சில பேச்சுகளே கூடாது. யானையை யானை என்று சொல்லக்கூடாது. அதற்கு வேறொரு மாற்றுப் பெயர்தான் சொல்ல வேண்டும். இதையெல்லாம் 1885இல் கிந்தாவில் சுரங்க அதிகாரியாக இருந்த ஏபிரகாம் ஹேல் எழுதி வைத்தார். ஸ்கீட் என்பவர் 1900இல் வெளியிட்ட 'மலாய் மேஜிக்' நூலிலும் இவை உள்ளன.

நாவலாசிரியர்கள் கற்பனை செய்யத் தேவையில்லாத ஒரு காட்சியும் பேராக்கில் நடந்திருக்கிறது. 1894 செப்டம்பர் 17ஆம் தேதி, தெலுக் இந்தான் போகும் ரயில் பாதையில், காட்டு யானை ஒன்று தன் கூட்டத்தைக் காக்க ஓடிவந்து ரயிலை மோதித் தடம்புரளச் செய்தது. யானை இறந்தது. அதற்கு அங்கே ஒரு நினைவுப் பலகை வைத்தார்கள். நீராவிக்கும் காட்டுக்கும் நடந்த போரில் விழுந்த ஒரு யானைக்குக் கூட இந்த மண்ணில் தேதியோடு நினைவுச் சின்னம் இருக்கிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மீண்டும் இதற்கு வருவேன்.

நம் தோட்டங்களிலும் மாயத்துக்குக் குறைவில்லை. லயத்துக்குப் பக்கத்தில் மாரியம்மன், எல்லையில் முனியாண்டி, மரத்தடியில் மதுரை வீரன். என் பாட்டி விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து, பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குள் இறங்கியவர். ரப்பர் காட்டுக்குள் புலி என்ற வார்த்தையை அவர் வாயால் சொல்லவே மாட்டார். 'பெரியவர்' என்பார். சுரங்கத்தில் யானைக்கு இருந்த அதே கட்டுப்பாடு. சீனரும் மலாய்க்காரரும் தமிழரும் ஒரே காட்டுக்கு ஒரே மாதிரி பயந்திருக்கிறார்கள்.

கெல்லி மாளிகையின் உண்மையான மர்மம்

பேராக்கில் மர்மம் என்றதும் பத்து காஜாவுக்கும் கோப்பெங்கிற்கும் இடையே நிற்கும் கெல்லிஸ் காசல் உங்கள் நினைவுக்கு வரும். பள்ளிச் சுற்றுலாவில் அங்கே போகாத ஈப்போ பிள்ளைகள் குறைவு.

வில்லியம் கெல்லி ஸ்மித் ஸ்காட்லாந்துக்காரர். 1870இல் பிறந்தவர். இருபது வயதில் மலாயா வந்தார். காடு வெட்டும் குத்தகையில் சம்பாதித்து, கிந்தா கெல்லாஸ் தோட்டத்தை உண்டாக்கினார். ஈய வியாபாரத்திலும் இறங்கினார். 1915 வாக்கில் இந்தப் பெரிய மாளிகையைக் கட்டத் தொடங்கினார். சென்னையிலிருந்து கொத்தனார்களும் கைவினைஞர்களும் வந்தார்கள். செங்கல்லும் சலவைக்கல்லும் கூட இந்தியாவிலிருந்து வந்தன. கோபுரத்தில் மின்தூக்கி வைக்கத் திட்டமிட்டார். வைத்திருந்தால் மலாயாவின் முதல் மின்தூக்கியாக அது இருந்திருக்கும் என்று சொல்வார்கள்.

1918இல் உலகத்தையே உலுக்கிய ஸ்பானிஷ் காய்ச்சல் மலாயாவுக்கும் வந்தது. ரப்பர் தோட்டங்களில் கொத்துக் கொத்தாக மக்கள் மடிந்தார்கள். கெல்லியின் வேலையாட்களும் தப்பவில்லை. தங்களுக்கு ஒரு கோவில் வேண்டும் என்று தொழிலாளர்கள் கேட்டார்கள் என்றும், துரை சம்மதித்துக் கட்டிக் கொடுத்தார் என்றும் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. மாளிகைக்குச் சற்றுத் தொலைவில் அந்த மாரியம்மன் கோவில் இருக்கிறது. அதன் கூரையில் சாமி சிலைகளோடு வெள்ளை உடையில் ஒரு துரையும் நிற்கிறார். நன்றிக்கடனாகத் தொழிலாளர்கள் வைத்த கெல்லி ஸ்மித்தின் உருவம் அது என்பார்கள்.

1926இல் கெல்லி ஸ்மித் லிஸ்பன் நகரில் நிமோனியாவில் இறந்தார். மாளிகை முடியாமலே நின்றது. மனைவி தோட்டத்தை விற்றுவிட்டுப் போய்விட்டார். அதன்பிறகு பேய்க்கதைகள் குடிவந்தன. மாடியில் துரை நடக்கிறார், அறையில் குழந்தை அழுகிறது, சுரங்கப்பாதை கோவில் வரை போகிறது என்றெல்லாம் சொல்லி நம்மைப் பயமுறுத்துகிறார்கள்.

நான் கேட்பது ஒன்றுதான். அங்கே பேயாக நடமாடும் துரைக்குப் பெயர் இருக்கிறது. பிறந்த ஆண்டு, இறந்த ஊர், என்ன காய்ச்சல் என்பது வரை இருக்கிறது. 1918இல் காய்ச்சலில் செத்த நம் ஆட்களுக்கு? செங்கல் சுமந்தவர்களில் எத்தனை பேர் பெண்கள்? அவர்கள் பெயர் என்ன? எந்த மரத்தடியில் புதைத்தார்கள்? எந்தச் சுற்றுலா வழிகாட்டியும் சொல்வதில்லை. யானைக்கு வைத்த பலகை இவர்களுக்கு இல்லை. மர்ம நாவலின் முதல் கேள்வி 'இறந்தது யார்?' என்பதுதானே. கெல்லி மாளிகையின் உண்மையான மர்மம் அதுதான். நாம் சுரங்கப்பாதையைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

நாவலில் வந்த தமிழ்ப் பெண்

பேராக்கை வைத்து அப்படி ஒரு நாவலே வந்துவிட்டது. 2019இல் யாங்சி சூ என்ற மலேசிய எழுத்தாளர் ஆங்கிலத்தில் எழுதிய 'தி நைட் டைகர்' உலகமெங்கும் பேசப்பட்டது. அதில் நீராவிக் கப்பல் பறக்காது. ஆனால் மாயமும் மர்மமும் வீரப்பெண்ணும் உண்டு. கதை நடப்பது 1931இல், ஈப்போவிலும் பத்து காஜாவிலும். கதாநாயகி ஜி லின் சீனப்பெண். தையல் கற்றுக்கொள்பவள். அம்மாவின் மாஜோங் கடனை அடைக்க யாருக்கும் தெரியாமல் நடன அரங்கில் வேலை செய்கிறாள். இன்னொரு பக்கம் ரென் என்ற பதினோரு வயதுச் சிறுவன், இறந்துபோன தன் எஜமானரின் வெட்டுண்ட விரலை 49 நாளுக்குள் தேடி அவர் கல்லறையில் சேர்க்க அலைகிறான். இடையில் மனிதனாக மாறும் புலி பற்றிய பயம். பத்து காஜா மருத்துவமனையில் ரகசியங்கள். விறுவிறுப்பான நாவல். முடிவை நான் சொல்லமாட்டேன், நீங்களே படியுங்கள்.

அந்த நாவலில் ரப்பர் தோட்டத்தில் ஓர் உடல் கிடக்கிறது. புலி அடித்ததோ, மனிதன் கொன்றானோ என்ற சந்தேகம். அந்த உடல் பால்வெட்டும் ஒரு தமிழ்ப் பெண்ணுடையது. அவள் பெயர் அம்பிகா.

இதைப் படித்துவிட்டு நான் புத்தகத்தைக் கொஞ்ச நேரம் மூடி வைத்தேன். எழுத்தாளரைக் குறை சொல்லவில்லை. அந்தக் காலத்துப் பேராக்கைச் சொல்ல வந்தவர், தமிழ்ப் பெண்ணை மறக்காமல் சேர்த்திருக்கிறார், பெயரும் கொடுத்திருக்கிறார். இன்னொரு மலேசிய எழுத்தாளர் ஸென் சோ, 2015இல் 'சோர்சரர் டு தி கிரவுன்' என்ற மாய நாவலை லண்டனில் நடப்பதாக எழுதி, அதன் கதாநாயகிக்குப் பாதி இந்திய இரத்தம் கொடுத்தார். அவர்கள் தங்கள் பங்கைச் செய்துவிட்டார்கள். துப்பறிபவளாக, மந்திரம் அறிந்தவளாக, கதையை நடத்துபவளாக பேராக் தமிழச்சி வரவேண்டும் என்றால் அதை எழுத வேண்டியது யார்? நாம் அல்லவா?

இந்த வகைக் கதை தமிழுக்குப் புதிதும் அல்ல. அல்லி அரசாணி கதையை நம் தாத்தாக்கள் கேட்டு வளர்ந்தவர்கள். மதுரையை ஆண்ட பெண். அர்ச்சுனனே மாய உருவம் எடுத்துத்தான் அவளை நெருங்க முடிந்தது. துப்பறியும் கதை வேண்டுமா? 1925இலேயே வை. மு. கோதைநாயகி அம்மாள் 'வைதேகி' என்ற துப்பறியும் நாவலைத் தன் 'ஜகன்மோகினி' இதழில் எழுதத் தொடங்கினார். பள்ளிக்கூடம் போகாத பெண். பின்னாளில் 115 நாவல்கள் எழுதினார். சுதந்திரப் போராட்டத்தில் சிறைக்கும் போனார். மலாயாவில் 1917இலேயே 'கருணாசாகரன்' என்ற தமிழ் நாவல் வந்துவிட்டது. நமக்குப் பாரம்பரியம் உண்டு. பேராக்கை மட்டும் இன்னும் நாம் சரியாக எழுதவில்லை.

பெயர் கிடைத்த இருவர்

எழுத ஆள் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு சாட்சிகள்.

முதலாமவர் சிபில் கார்த்திகேசு. 1899இல் சுமத்ராவின் மேடான் நகரில் பிறந்த யுரேசியப் பெண்மணி. தைப்பிங் தமிழரான டாக்டர் கார்த்திகேசுவை மணந்து, தமிழ் வீட்டு மருமகளாக ஈப்போவில் மருத்துவச்சியாகப் பணியாற்றினார். ஜப்பானியர் வந்ததும் குடும்பம் பாப்பான் என்ற சிற்றூருக்குப் போனது. அங்கே மாடிப்படிக்கு அடியில் ரகசிய வானொலி. இரவில் பின்வாசல் வழியாகக் காயத்தோடு வரும் கொரில்லாப் போராளிகளுக்கு வைத்தியம். 1943இல் கைது. விசாரணை அதிகாரி அவருடைய கண்முன்னே, ஏழு வயது மகள் டானை மரத்தில் தொங்கவிட்டு, கீழே தீ மூட்டுவேன் என்று மிரட்டினான். சிபில் யாரையும் காட்டிக் கொடுக்கவில்லை. ஆயுள் தண்டனை. பத்து காஜா சிறை. போர் முடிந்து வெளியே வந்தபோது அவரால் நடக்க முடியவில்லை. பிரிட்டிஷ் அரசு அவருக்கு ஜார்ஜ் பதக்கம் வழங்கியது. 1948 ஜூனில் ஸ்காட்லாந்தில் இறந்தார். மறு ஆண்டு அவர் உடல் ஈப்போவுக்கே கொண்டுவரப்பட்டு அடக்கம் செய்யப்பட்டது.

இதெல்லாம் நமக்கு எப்படித் தெரியும்? அவர் படுக்கையில் இருந்தபடியே சொல்லச் சொல்ல எழுதப்பட்ட நினைவுகள் 1954இல் புத்தகமாக வந்ததால் தெரியும்.

இரண்டாமவர் ராசம்மா பூபாலன். 1927இல் ஈப்போவில் பிறந்த தமிழ்ப் பெண். பதினாறு வயதில் தன் சகோதரி பொன்னம்மாவோடு நேதாஜியின் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தார். துப்பாக்கி பிடித்தார். பர்மா வரை போனார். போருக்குப் பின் ஆசிரியரானார். 1960இல் தோன்றிய பெண் ஆசிரியர் சங்கத்துக்குத் தலைமை ஏற்று, ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சம்பளம் கேட்டுப் போராடினார். 1920களின் கடைசியில் நம் தோட்டங்களில் நிர்ணயிக்கப்பட்ட தினக்கூலி என்ன தெரியுமா? ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. உளி ஒன்றுதான், மரம் ஒன்றுதான், கூலி மட்டும் வேறு. ராசம்மா அம்மையார் பள்ளிக்கூடத்தில் கேட்ட கேள்வி, அதற்கு முன் எத்தனையோ பால்வெட்டுப் பெண்கள் மனதுக்குள் கேட்டுக்கொண்ட கேள்விதான்.

சிபிலும் ராசம்மாவும் படித்த பெண்கள். அவர்கள் கதையை எழுத ஆள் கிடைத்தது. ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் தோட்டத்துப் பிள்ளைகள். அவர்களில் எத்தனை பேர் பெயரை நாம் சொல்ல முடியும்?

விளக்கோடு நடந்த மோகினி

என் பாட்டி சொன்ன ஒரு கதையோடு என் உரையை முடிக்கிறேன்.

ஜப்பான்காரன் காலம். ஆண்களைச் சயாம் ரயில் பாதைக்குப் பிடித்துப் போய்விட்டார்கள். அரிசி இல்லை. மரவள்ளிக் கிழங்குதான். உடுத்தத் துணி இல்லாமல் சாக்கைக் கட்டிக்கொண்ட காலம். அப்போது அவர்கள் தோட்டத்து எல்லையில், பழைய முனியாண்டி கோவில் பக்கம், நடுநிசியில் ஒரு மோகினி விளக்கோடு நடக்கிறாள் என்ற பேச்சு பரவியது. பார்த்தவர்கள் இரத்தம் கக்கிச் செத்தார்கள் என்றும் சொன்னார்கள். காவலுக்கு வந்தவர்கள் கூட இருட்டியபின் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை.

சின்ன வயதில் நான் இந்தக் கதையைக் கேட்டுப் பயந்து பாட்டியின் புடவைக்குள் ஒளிந்திருக்கிறேன். வளர்ந்தபிறகு ஒருநாள், "பாட்டி, நீங்க அந்த மோகினியைப் பாத்திருக்கீங்களா?" என்று கேட்டேன். பாட்டி சிரித்தார். "பாத்திருக்கேனாவா? அது எங்க அக்காடா" என்றார்.

பாட்டியின் அக்காவும் இன்னும் இரண்டு பெண்களும் எல்லைக்கு அப்பால் மறைத்துப் பயிரிட்ட கிழங்கை இரவில் தூக்கி வந்து, ஆண் துணை இல்லாத வீடுகளுக்குக் கொடுத்திருக்கிறார்கள். மோகினிக் கதையைக் கட்டிவிட்டதும் அவர்களே. பால்வெட்டு விளக்குதான் மோகினியின் விளக்கு. அகப்பட்டிருந்தால் உயிரோடு விட்டிருக்கமாட்டார்கள்.

மாயம், மர்மம், வீரப்பெண் மூன்றும் ஒரே கதையில். லண்டனில் அல்ல, நம் தோட்டத்து எல்லையில். பல ஆண்டுகளாக நான் பேய்க்கதையை மட்டும் வைத்துக்கொண்டு, உள்ளே இருந்த பெண்ணைத் தொலைத்திருந்தேன்.

அந்த அக்காவின் பெயரை முறையாகப் பதிவு செய்யலாம் என்று தேடினேன். தோட்டத்துச் செக்ரோல் இல்லை. தோட்டமே இல்லை. இப்போது அங்கே வரிசை வீடுகள். என் பாட்டிக்கே மூன்று பெயர்கள். கிராணி எழுதியது ஒன்று, அடையாளக் கார்டில் இருந்தது ஒன்று, வீட்டில் கூப்பிட்டது ஒன்று. அக்காவுக்கு எழுத்தில் ஒரு பெயரும் இல்லை. பாட்டி இருந்தபோதே இன்னும் பத்துக் கேள்வி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அது என் தவறு. அதே தவறை நீங்கள் செய்யாதீர்கள் என்று சொல்லத்தான் இங்கே வந்தேன்.

நேயர் கேள்விகள்

கேள்வி: உண்மையான வீராங்கனைகள் இருக்கும்போது மாயத்தைக் கலந்து எழுதினால் வரலாறு கெட்டுப் போகாதா?

பதில்: கெட்டுப் போகலாம், கவனம் இல்லாமல் எழுதினால். ஒரு வரம்பு வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டு, ஊர், கூலி, நோய், சட்டம் இவற்றில் கைவைக்கக் கூடாது. ரயில் 1885இல் வந்தது என்றால் அதற்கு முன் கதையில் கூவக்கூடாது. மாயத்தை ஆவணம் மௌனமாக இருக்கும் இடத்தில் மட்டும் வையுங்கள். நூலின் முடிவில் எது நடந்தது, எது கற்பனை என்று ஒரு பக்கம் எழுதிவிடுங்கள். இன்னொன்றும் சொல்கிறேன். வரலாற்று நூலைப் பத்துப் பேர் படிக்கும் இடத்தில் நல்ல நாவலை ஆயிரம் பேர் படிப்பார்கள். நாவல் படித்தவர்களில் சிலராவது உண்மையைத் தேடிப் போவார்கள். என் மகள் போனாள்.

கேள்வி: எனக்கு எழுத ஆசை. ஆனால் நான் தோட்டத்தைப் பார்த்ததே இல்லை. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ எண்பது வயதைத் தாண்டிய ஓர் அம்மா இருப்பார். கைப்பேசியில் ஒலிப்பதிவை அழுத்திவிட்டு மூன்று கேள்வி கேளுங்கள். உங்கள் தோட்டத்தில் எந்த இடத்துக்குப் போகப் பயப்படுவீர்கள்? அந்தப் பயத்தைக் கிளப்பியது யார்? உங்கள் அம்மாவின் முழுப்பெயர் என்ன? முதல் கேள்வியில் மாயம் கிடைக்கும். இரண்டாவதில் மர்மம் கிடைக்கும். மூன்றாவது கேள்விக்கு வரும் பதிலை அன்றைக்கே ஒரு நோட்டுப் புத்தகத்தில், பிழையில்லாமல், அவர் சொன்ன மாதிரியே எழுதி வைத்துவிடுங்கள். நாவல் பிறகு வரட்டும்.